கடன் கழுத்தை நெரிக்குதா? பேங்க்ரப் (திவால்) ஆகறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

2019-ல எங்க வீட்டு டிவி மேசைக்குக் கீழ ஒரு பிஸ்கட் டின் இருந்துச்சு. பேங்க்ல இருந்து வர்ற கடுதாசி எல்லாத்தையும் பிரிக்காமலே அதுக்குள்ள போட்டு மூடிடுவேன். பிரிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்கும், ராத்திரி தூக்கம் வராது, அதனால பிரிக்கறதே இல்ல. மலேசியாவுல, கோலாலம்பூர் (கே.எல்.) செந்தூல்ல பிபிஆர் ஃப்ளாட்ல, அதாவது அரசாங்கத்தோட மலிவு வாடகை ஃப்ளாட்ல இருக்கோம், நான் ஒரு லாரி கம்பெனியில கிளார்க். கையில வர்ற சம்பளம் 2,350 வெள்ளி (ரிங்கிட்). இன்னைக்கு அந்தக் கடன் முடிஞ்சிருச்சு. ஆனா என்ன மாதிரி டின்னுக்குள்ள கடுதாசிய ஒளிச்சு வெச்சிருக்கறவங்க எத்தனையோ பேர் எங்க புளோக்லயே இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், லிஃப்ட்ல பாத்தா முகத்துலயே தெரியும். அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் லாயர் இல்ல, நானே அனுபவிச்சதும், அதுக்கப்புறம் நாலு பேருக்கு ஃபாரம் ரொப்பி, கூடவே போய் உக்காந்து தெரிஞ்சுக்கிட்டதும்தான் இது.

முதல்ல செய்ய வேண்டியது டின்னத் திறக்கறது. நெஜமாத்தான் சொல்றேன், இன்னைக்கே கடுதாசிய எல்லாம் பிரிச்சு, தேதி பாத்து அடுக்குங்க. ஏன்னா பேங்க் அனுப்பற ரிமைண்டர் வேற, லாயர் அனுப்பற நோட்டிஸ் வேற, கோர்ட்ல இருந்து வர்ற சம்மன் வேற. ரிமைண்டருக்கு ஒரு மாசம் பதில் சொல்லலன்னா ஃபோன் வரும், அவ்வளவுதான். சம்மன் அப்படி இல்ல. கைக்கு வந்து 14 நாளைக்குள்ள கோர்ட்ல ஆஜராகறதா தெரியப்படுத்தணும், இல்லன்னா நீங்க இல்லாமலே உங்களுக்கு எதிரா தீர்ப்பு எழுதிடுவாங்க. எங்க மேல் மாடி அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. கடன் 16,000 வெள்ளிதான், சம்மன் வந்தது கூட அவங்களுக்குத் தெரியாது, மகன் வாங்கி ஃபிரிட்ஜ் மேல வெச்சுட்டான். தீர்ப்பு வந்துட்டா அந்தக் கடனுக்கு 12 வருஷம் வரைக்கும் உயிர் இருக்கு. வெறும் கான்ட்ராக்ட் கடனா இருந்தா 6 வருஷம்தான் கேஸ் போடலாம், அதுவும் நடுவுல நீங்க கொஞ்சம் காசு கட்டினாலோ எழுத்துல ஒத்துக்கிட்டாலோ அந்த 6 வருஷம் மறுபடியும் முதல்ல இருந்து ஓட ஆரம்பிக்கும். இதக் கேட்டுட்டு 6 வருஷம் ஓடி ஒளியலாம்னு யாரும் கணக்குப் போடாதீங்க, பேங்க் அவ்வளவு நாள் சும்மா இருக்காது.

அடுத்தது யாருக்கு எவ்வளவுன்னு ஒரே தாள்ல எழுதறது. எதையாவது மறந்திருப்பீங்க, அதனால மத்திய வங்கியான பேங்க் நெகாராவோட இசிக்ரிஸ் ஆன்லைன் சேவையில போய் உங்க சிக்ரிஸ் ரிப்போட்ட (கடன் வரலாறு) எடுங்க, காசு கெடையாது. கடைசி 12 மாசம் எந்த லோன எப்படிக் கட்டினீங்கன்னு வரிசையா இருக்கும். ஆனா ஷோப்பில, கிராப்ல எல்லாம் வாங்கிட்டு அப்புறமா கட்டற கடன், அடகுக் கடை, கூட்டுச் சீட்டு, சொந்தக்காரங்க கிட்ட வாங்கினது, ஆலோங் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) காசு, இதெல்லாம் நீங்களே ஞாபகமா எழுதணும். எழுதறப்ப வெக்கப்படாதீங்க, அந்தத் தாள வேற யாரும் பாக்கப் போறதில்ல.

என் தாள் எப்படி இருந்துச்சுன்னு அப்படியே சொல்றேன். ரெண்டு கிரெடிட் கார்டு, சேத்து 9,400. பர்சனல் லோன் பாக்கி 18,000. மோட்டார் மாசம் 210. கார்டுக்கு மினிமம் 5 விழுக்காடுன்னா 470 வெள்ளி, லோனுக்கு 430, ஆக மொத்தம் மாசம் 1,110 வெள்ளி கடனுக்கே போகுது. வீட்டு வாடகை 124, சாப்பாடு 650, தண்ணி கரண்டு 130, ஸ்கூல் வேன் 160, பெட்ரோல் 100, ஃபோன் 60, அம்மாவுக்கு 150. இது 1,374. ரெண்டையும் கூட்டினா 2,484, சம்பளம் 2,350. ஒவ்வொரு மாசமும் 134 வெள்ளி பத்தல, அந்த 134-ஐ நான் மறுபடியும் அதே கார்டுல இருந்துதான் எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒழுங்கா கட்டாதவங்களுக்குக் கார்டு வட்டி வருஷத்துக்கு 18 விழுக்காடு. 9,400-க்கு மாசம் 141 வெள்ளி வட்டி. அதாவது நான் கட்டின 470-ல 141 வெறும் வட்டி, மீதி 329-ல 134-ஐ மறுபடி எடுத்துடறேன். அன்னைக்கு ராத்திரி இந்தக் கணக்கப் பாத்துட்டு அழுதேன், ஆனா ரெண்டு வருஷத்துல முதல் தடவையா பயம் கொஞ்சம் கொறஞ்சுது, ஏன்னா பயத்துக்கு ஒரு நம்பர் கெடைச்சுது.

இப்ப பேங்க்ரப் விஷயத்துக்கு வருவோம். கலெக்‌ஷன் ஆளுங்க ஃபோன்ல "கட்டலன்னா பேங்க்ரப் ஆக்கிடுவோம், உங்க பேரு கெட்டுடும், ஏர்போட்ல புடிப்பாங்க"ன்னு பயமுறுத்துவாங்க. இதுல பாதிக்கு மேல வெறும் மிரட்டல். ஒருத்தர பேங்க்ரப் ஆக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவங்க மனு போடணும்னா கடன் குறைஞ்சது 100,000 வெள்ளி இருக்கணும். முன்னாடி 30,000-ஆ இருந்துச்சு, 2017 அக்டோபர்ல 50,000 ஆச்சு, கோவிட் நேரத்துல தற்காலிகமா 100,000-னு ஏத்தினாங்க, 2021 செப்டம்பர் 1-ல இருந்து அதுவே நிரந்தரமாயிடுச்சு. நம்ம மாதிரி ஆளுங்கள்ல பல பேருக்கு மொத்தக் கடனே அந்த அளவு வராது. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ரெண்டு மூணு பேங்க் சேந்து ஒரே மனு போட்டா அவங்க கடன மொத்தமா கூட்டிக்கலாம். அப்புறம் காடி (கார்), வீடு லெலோங் (ஏலம்) போன பிறகு பாக்கி நிக்கற காசு இருக்கே, அதுதான் நெறைய பேர 100,000-க்கு மேல தள்ளுது.

100,000-க்குக் கீழன்னா நிம்மதின்னு அர்த்தம் இல்ல. மேல் மாடி அக்காவுக்கு 16,000-க்கு பேங்க்ரப் வரவே முடியாது, அதுல அவங்களுக்குத் தைரியம் சொன்னோம். ஆனா தீர்ப்புக் கடனாளிக்கான சம்மன்னு ஒண்ணு வந்துச்சு, கோர்ட்டுக்குக் கூப்பிட்டு சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு விசாரிச்சு மாசம் இவ்வளவு கட்டுன்னு உத்தரவு போடறது. அதுக்குக் கட்டாயம் போங்க. போகலன்னா வாரண்ட் வரலாம். போனா நல்லதுதான், நம்ம செலவுக் கணக்கக் காட்டி இவ்வளவுதான் முடியும்னு நேரா நீதிபதி கிட்டயே சொல்ற வாய்ப்பு அது. அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த அதே ஒரு தாளத்தான் எடுத்துட்டுப் போனாங்க, மாசம் 200-னு முடிஞ்சுது.

கேரண்டர் கையெழுத்துப் போட்டு மாட்டினவங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு, இது தெரியாம எத்தனையோ மாமாங்க, சித்தப்பாங்க ராத்திரி தூங்காம கெடக்கறாங்க. லாபத்துக்காக இல்லாம, ஒருத்தர் படிப்புக்கோ, சொந்தமா ஓட்டற காடிக்கோ, குடியிருக்கற வீட்டுக்கோ கேரண்டி போட்டவங்கள சோசியல் கேரண்டர்னு சொல்றாங்க. திவால் சட்டத்துல 2017-ல கொண்டு வந்த திருத்தத்துக்கு அப்புறம் இவங்க மேல பேங்க்ரப் நடவடிக்கை எடுக்கவே முடியாது. வியாபாரக் கடனுக்குப் போட்ட கேரண்டின்னா அப்படி இல்ல, ஆனா அதுக்கும் முதல்ல கடன் வாங்கினவர் கிட்ட எல்லா வழியிலயும் வசூல் பண்ணிப் பாத்துட்டு கோர்ட் அனுமதி வாங்கித்தான் கேரண்டர் மேல வர முடியும். இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்குங்க, கடன் வாங்கினவர் பேங்க்ரப் ஆகி வெளிய வந்துட்டாலும் கேரண்டரோட பொறுப்பு அதோட தீராது. உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட ஒருத்தர் இருந்தா, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்குப் போய் நேரா பேசிடுங்க.

சரி, என்ன வழி இருக்கு? நான் எல்லாருக்கும் முதல்ல சொல்றது ஏகேபிகேங்கற கடன் ஆலோசனை அமைப்பு. பேங்க் நெகாரா 2006-ல ஆரம்பிச்சது, கே.எல்.லயும் இருக்கு பினாங்லயும் இருக்கு, ஒரு காசு வாங்க மாட்டாங்க. உங்க பேங்க் கடன எல்லாம் சேத்து, வட்டியக் கொறைக்கச் சொல்லி, வருஷத்தக் கூட்டி, மாசம் ஒரே கட்டணமா ஆக்கித் தர்றதுக்கு உங்க சார்புல பேங்குகளோட பேசுவாங்க. எனக்கு கார்டும் லோனும் சேந்து மாசம் 900 இருந்தது 490 ஆச்சு, 7 வருஷம். மோட்டார் 210 தனியா. ஆக 700, செலவு 1,374, மொத்தம் 2,074, கையில 276 வெள்ளி மிச்சம். அந்த 276 வெள்ளியில மாசக் கடைசியில அரிசி வாங்கக் கார்ட எடுக்க வேண்டிய அவசியம் இல்லாம போச்சு.

ஆனா இதுக்கு விலை இருக்கு, மறைக்காம சொல்றேன். 490-ஐ 84 மாசத்தால பெருக்குங்க, 41,160 வெள்ளி. 27,400 கடனுக்கு 13,760 கூட. வருஷம் நீண்டா மொத்தம் ஏறும், அதனால போனஸ் வந்தப்பல்லாம் கூடக் கட்டி கொஞ்சம் சீக்கிரமே முடிச்சேன். அந்தத் திட்டத்துல இருக்கற வரைக்கும் புதுக் கார்டு, புது லோன் கெடையாது, சிக்ரிஸ்லயும் அந்தக் குறிப்பு நிக்கும். என் தங்கச்சி காடி வாங்க சேந்து கையெழுத்துப் போடச் சொன்னா, முடியாதுன்னு சொல்ல எனக்கு அது ஒரு நல்ல காரணமாவும் ஆச்சு.

ஏகேபிகே எல்லாருக்கும் ஆகாது. ஏற்கெனவே பேங்க்ரப் ஆனவங்களுக்கு இல்ல, கோர்ட் நடவடிக்கை ரொம்ப தூரம் போயிட்டா கஷ்டம், ஆலோங் கடனுக்கு இல்லவே இல்ல. எல்லாத்தையும் விட முக்கியம், செலவு போக கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும். 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளத்துல மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு மிச்சம் எங்க இருந்து வரும்? இந்த இடத்துலதான் நம்ம ஆளுங்க உடைஞ்சு போறாங்க, "அங்க போனேன், முடியாதுன்னுட்டாங்க"ன்னு வீட்டுக்கு வந்து ஆலோங் நம்பருக்கு ஃபோன் போடறாங்க. அப்படிப் பண்ணாதீங்க, அந்த மிச்சத்த உண்டாக்க சில வழி இருக்கு.

பெரிய ஓட்டை பெரும்பாலும் காடி. மாசம் 600, 700 காடிக்குப் போகுதுன்னா அத வெச்சுக்கணுமான்னு குடும்பமா உக்காந்து பேசுங்க. வித்துட்டு பேங்க் பாக்கிய அடைக்க முடிஞ்சா முதல்ல அதப் பண்ணுங்க, ஏன்னா இழுத்துட்டுப் போய் லெலோங் விட்டா விலை அடிமட்டத்துக்குப் போகும், மீதிய உங்க தலையிலதான் கட்டுவாங்க. இழுக்கறதுக்கும் சட்டம் இருக்கு. 1967 வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து ரெண்டு மாசம் தவறணும், அதுக்கப்புறம் எழுத்துல நோட்டிஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்கணும், முக்கால்வாசிக்கு மேல கட்டிட்டீங்கன்னா கோர்ட் உத்தரவு இல்லாம தொடவே கூடாது. ரோட்டுல மறிச்சு சாவியக் கேட்டா லைசென்ஸ் கார்டையும் உத்தரவுக் கடுதாசியையும் காட்டச் சொல்லுங்க.

ஈபிஎஃப்-லயும் (தொழிலாளர் சேமநிதி) ஒரு வழி இருக்கு. 2024 மே 11-ல இருந்து 55 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மூணாவது கணக்கு ஒண்ணு வந்துச்சு, ஃபிளெக்சிபல் அக்கவுண்டு, மாசாமாசம் போற பணத்துல 10 விழுக்காடு அதுக்குப் போகும், 50 வெள்ளியில இருந்து எப்ப வேணாலும் எடுக்கலாம். என் கருத்து என்னன்னா, கார்டு மாதிரி 18 விழுக்காடு வட்டி ஓடற கடன ஒரேயடியா முடிச்சுட முடியும்னா மட்டும் எடுங்க. மினிமம் கட்டறதுக்காக எடுத்தா கிழவயசுக் காசும் போச்சு, கடனும் அப்படியே நிக்கும். இன்னொரு விஷயம், ஈபிஎஃப்-ல இருக்கற பணத்தக் கடன் கொடுத்தவங்க யாரும் தொட முடியாது, பேங்க்ரப் ஆனாலும் தொட முடியாது. அதனால பயத்துல அங்க இருக்கறத எல்லாம் எடுத்துக் கொட்டறதுக்கு முன்னாடி நாலு தடவ யோசிங்க.

ஆலோங் பத்திக் கொஞ்சம். லைசென்ஸ் உள்ள வட்டிக் கடை அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காடு, அடமானம் இருந்தா 12 விழுக்காடுக்கு மேல வாங்கக் கூடாது. லைசென்ஸ் வீடமைப்பு அமைச்சுல செக் பண்ணலாம். லேம்ப் போஸ்ட்ல ஸ்டிக்கர் ஒட்டறவன், ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கேக்கறவன், முன்பணம் போட்டாத்தான் லோன்னு வாட்ஸாப்ல சொல்றவன், இவனுங்க யாரும் அதுல சேத்தி இல்ல. லைசென்ஸ் இல்லாதவன் போட்ட அக்ரிமெண்டு கோர்ட்ல செல்லாது. மிரட்டல் வந்தா மெசேஜ், ஃபோன் நம்பர், வாசல்ல ஊத்தின பெயிண்டு படம் எல்லாத்தையும் வெச்சு போலிஸ் ரிப்போட் எழுதுங்க. பேங்க்ரப் ஆனா ஆலோங் விட்டுடுவான்னு நெனைக்கறாங்க சில பேர், அவன் கோர்ட் பேப்பரப் பாத்து நிக்கறவன் இல்ல. அதே மாதிரி "சிக்ரிஸ் பேர கிளீன் பண்ணித் தர்றோம்"னு 1,500, 2,000 கேக்கற ஏஜெண்டு கிட்டயும் போகாதீங்க, அவங்க பண்றதா சொல்ற எதையும் நீங்க இலவசமாவே பண்ணிக்கலாம்.

இதெல்லாம் பாத்தும் முடியல, கடன் 150,000, 200,000-னு நிக்குது, வீடும் லெலோங் போயிடுச்சு, சம்பளம் 2,000-ன்னா? அப்ப பேங்க்ரப்ப ஒரு வழியா எடுத்துப் பாக்கலாம், அது பாவம் இல்ல, சட்டம் கொடுத்த ஒரு ஏற்பாடு. கடனாளி தானே மனு போடவும் சட்டத்துல இடம் இருக்கு. பேங்கே போட்டா முதல்ல ஒரு நோட்டிஸ் வரும், 7 நாள் கெடு, அதுக்கப்புறம் மனு, அப்புறம் உத்தரவு. உத்தரவு வந்த பிறகு உங்க சொத்து எல்லாம் திவால் இலாகா தலைமை இயக்குநர் கைக்குப் போகும். துணிமணி, படுக்கை, தொழில் சாமான் ஒரு அளவு வரைக்கும் விட்டுடுவாங்க. சம்பளத்துல மாசம் இவ்வளவுன்னு வாங்குவாங்க. அனுமதி இல்லாம நாடு தாண்ட முடியாது, சிங்கப்பூர்ல வேலை பாக்கறவங்க இத முக்கியமா யோசிக்கணும். கம்பெனி டைரக்டரா இருக்கக் கூடாது, அனுமதி இல்லாம கம்பெனி நடத்தக் கூடாது, 1,000 வெள்ளியோ அதுக்கு மேலயோ கடன் வாங்கினா நான் பேங்க்ரப்னு சொல்லித்தான் வாங்கணும். சாதாரண வேலைக்குப் போறத யாரும் தடுக்கறதில்ல.

வெளிய வர்றதும் முன்ன மாதிரி இல்ல. ஒரு காலத்துல ஆயுசுக்கும் அந்தப் பேரோடவே செத்தவங்க உண்டு. இப்ப, இலாகா சொன்ன தொகையக் கட்டி, வரவு செலவுக் கணக்கையும் ஒழுங்கா கொடுத்துட்டு வந்தா 3 வருஷத்துல விடுபடலாம். 2023 திருத்தத்துல 70 வயசு ஆனவங்க, மனநோய்னு டாக்டர் சான்று உள்ளவங்க இவங்களையும் கடன் கொடுத்தவங்க ஆட்சேபம் இல்லாம விடுவிக்கற பட்டியல்ல சேத்தாங்க. நம்ம ஆளுங்க கோட்டை விடறது அந்தக் கணக்கு கொடுக்கற விஷயத்துலதான். உத்தரவு வந்ததும் மனசு உடைஞ்சு இலாகா பக்கமே போக மாட்டாங்க, அவங்களுக்கு அந்த 3 வருஷம் ஓடவே ஓடாது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி மாதிரி பாக்கி இதுல கழியாது, அதையும் முன்னாடியே தெரிஞ்சுக்குங்க.

பேங்க்ரப்புக்கும் ஏகேபிகேவுக்கும் நடுவுல இன்னொரு வழியும் சட்டத்துல இருக்கு. பேங்க்ரப் உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே, ஒரு அக்கவுண்டண்டோ லாயரோ நடுவுல நின்னு, கடன் கொடுத்தவங்க எல்லாரையும் ஒரே கூட்டத்துல உக்கார வெச்சு ஒரு திட்டத்துக்கு ஒத்துக்க வைக்கறது. கோர்ட்ல இடைக்கால உத்தரவு வாங்கினா 90 நாளைக்கு யாரும் பேங்க்ரப் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனா அந்த நடுவர் ஃபீஸ் நம்ம கையில நிக்குமான்னு பாக்கணும். கடை வெச்சிருக்கறவங்க, டைரக்டர் பதவிய இழக்கக் கூடாதவங்க, இவங்களுக்குத்தான் இது பொருந்தும்னு நான் நெனைக்கறேன்.

எது எடுக்கறதுன்னு கேட்டா நான் மூணு கேள்வி கேப்பேன். காப்பாத்த ஏதாவது சொத்து இருக்கா, உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவங்க இருக்காங்களா, 5 வருஷத்துல சம்பளம் ஏற வாய்ப்பு இருக்கா. மூணுக்கும் இல்லன்னா பேங்க்ரப்ல நீங்க இழக்கறது கம்மி. ஒண்ணுக்காவது ஆமான்னா, கடன் 100,000-க்குக் கீழன்னா, முதல்ல ஏகேபிகே, இல்லன்னா நேரா பேங்க்லயே போய் தவணைய மாத்தச் சொல்லிக் கேளுங்க. பேங்க் ஆளு சரியா நடத்தலன்னா 1-300-88-5465 பேங்க் நெகாராவோட நம்பர், அங்க சொல்லலாம்.

ஏகேபிகே அப்பாயின்மெண்டுக்குப் போறப்ப ஐசி (அடையாள அட்டை), மூணு மாச சம்பள சிலிப்பு, லோன் கார்டு ஸ்டேட்மெண்ட் எல்லாம், கரண்டு தண்ணி பில்லு, கோர்ட் கடுதாசி இருந்தா அதுவும் எடுத்துக்குங்க. கணவன் மனைவி ரெண்டு பேரும் போங்க, ஒருத்தருக்குத் தெரியாத கடன் இன்னொருத்தர் கிட்ட இருக்கும். செலவக் கொறைச்சுச் சொல்லாதீங்க, அம்மாவுக்குக் கொடுக்கற 150-ஐயும் கோயில் விசேஷத்துக்கு ஆகறதையும் சேத்துச் சொல்லுங்க. நான் முதல்ல கௌரவத்துக்காக சாப்பாட்டுச் செலவ 400-னு சொன்னேன், அந்தக் கவுன்சிலர் அம்மா பேனாவக் கீழ வெச்சுட்டு, "உங்க வீட்ல எத்தன பேரு சாப்புடறீங்க?"ன்னு மெதுவா கேட்டாங்க. நாலு பேருன்னேன். 650-னு அவங்கதான் திருத்தி எழுதினாங்க.